கிராங்கும் கிராக்கும்

2022 ஜூன், ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் டவுன்ஹில் பாதையின் கடைசிக் கால்வாசியில் இடது பெடல் கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கால் கீழே போனது, கூடவே நானும் போனேன். எழுந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, பத்தடி தள்ளிப் பாறைமேல் கிடந்த பெடலை எடுத்துப் பார்த்தால், மரை கழன்ற மாதிரி தெரியவில்லை. கிராங்கின், அதாவது பெடலை நடு அச்சோடு இணைக்கும் கையின், நுனியே பெடலோடு வந்திருந்தது, கடித்து வைத்த முறுக்கு மாதிரி.

பெரிய ஜம்ப் என்றாலாவது வெளியில் சொல்லிக்கொள்ளலாம். இடுப்பளவு உயரத்தில் ஒரு பாறைப் படி, அவ்வளவுதான். அன்று காலையிலிருந்து அதே படியில் மூன்று முறை இறங்கியிருந்தேன். கணுக்கால் பன்னு மாதிரி வீங்கியது, முழங்காலுக்குக் கீழே ஏழு தையல். ஒன்றரைக் காலோடு இரண்டரை மணி நேரம் கார் ஓட்ட முடியாது என்பதால் நண்பன்தான் கிளாஸ்கோ வரை கொண்டுவந்து சேர்த்தான். ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு, "கிராங்க் உடைஞ்சிருச்சும்மா" என்றேன். அம்மா, "கிராக்கா? யாரு?" என்றார். விவரம் சொன்னதும், "மலை உச்சீலருந்து சைக்கிள்ல உருண்டு வர்றவனுக்கு வேற என்ன பேராம்?" என்று அவரே முடித்துவிட்டார்.

டவுன்ஹில் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. ஃபோர்ட் வில்லியத்துக்குப் பக்கத்தில் ஆனக் மோர் என்ற மலை. 1989இல் அங்கே கொண்டோலா (கேபிள் கார்) வந்தது. சைக்கிளை அதில் ஏற்றிக்கொண்டு மேலே போய், ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நீளப் பாதையில், 500 மீட்டருக்கும் மேல் உயரம் இறங்கி வர வேண்டும். 2002 முதல் பல வருஷம் உலகக்கோப்பைப் போட்டி அங்கே நடந்திருக்கிறது. 2007இல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தது, ஆண்களில் சாம் ஹில், பெண்களில் சப்ரீனா ஜோனியே ஜெயித்தார்கள். ரேஸர்கள் நாலரை நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். நான் நடுவில் நின்று கை உதறிக்கொண்டு, ஒன்பது பத்து நிமிடம் எடுத்துக்கொள்வேன். மேல் பாதி முழுக்க வெறும் பாறை. சைக்கிளில் எது தளர்ந்திருந்தாலும் அந்தப் பாதை ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

கால் ஆறும்வரை வீட்டில் உட்கார்ந்து, அடுத்து என்ன கிராங்க் வாங்குவது என்று படித்துத் தீர்த்தேன். எடை, விறைப்பு, நிறம், செயின்ரிங்குக்கு (செயின் ஓடும் முன் பல்சக்கரம்) எத்தனை பல். எல்லாமே மிதிப்பதைப் பற்றிய பேச்சு. எத்தனை வாட் சக்தி வீணாகாமல் சக்கரத்துக்குப் போகிறது என்றெல்லாம். படிக்கப் படிக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் மிதிக்கும்போது அது உடையவில்லையே, சும்மா நின்றுகொண்டிருந்தபோதுதானே உடைந்தது?

ஆரன் க்வின் என்ற அமெரிக்க ரேஸரின் கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் உலகக்கோப்பை. புறப்படும் கேட்டைத் தாண்டி முதல் மிதிகளிலேயே செயின் அறுந்துவிட்டது. மனுஷன் நிற்காமல், செயினே இல்லாமல் கீழே வரை வந்து, போட்டியையும் ஜெயித்தார். அவர் திறமையைச் சொல்லத்தான் எல்லோரும் இந்தக் கதையை எடுப்பார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. அந்த ஓட்டத்தில் அவர் கிராங்கின் வேலை என்ன? இரண்டு கால் வைத்து நிற்க ஒரு திண்ணை. டவுன்ஹில்லில் எப்போதுமே அதற்குப் பெரும்பாலும் அந்த வேலைதான்.

அப்படிப் பார்த்தால் கணக்கே மாறுகிறது. நானும் கவசமும் சேர்ந்து 85 கிலோ. ஒரு மோசமான இறக்கத்தில் அது ஐந்து மடங்காகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காலுக்குச் சுமார் 2000 நியூட்டன், அதாவது ஒவ்வொரு பெடல்மேலும் 200 கிலோ மூட்டை. வலது கால் முன்னால், இடது கால் பின்னால், கிராங்க் தரைக்குக் கிடையாக நிற்கிறது. 175 மில்லிமீட்டர் நீளக் கையில் 2000 நியூட்டன் என்றால் 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கார் சக்கர நட்டை முடுக்குவது 110 சொச்சம். அதைப்போல மூன்று மடங்கு.

இதில் ஒரு வேடிக்கை. மிதிக்கும்போது இடது காலின் முறுக்கு மட்டும்தான் நடு அச்சு வழியாகப் போகிறது; வலது காலின் பலம் நேராகச் செயின்ரிங்குக்குப் போய்விடும். குதித்து இறங்கும்போது அப்படியில்லை. முன்கால் அச்சை ஒரு பக்கம் திருகுகிறது, பின்கால் எதிர்ப்பக்கம் திருகுகிறது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. செயின் இழுவை ஒன்றும் இல்லை, கிராங்க் சுற்றவும் இல்லை, ஆனால் அச்சு பிழியப்படுகிறது. என்னைப் போல இடது காலைப் பின்னால் வைத்து நிற்பவனுக்கு, இடது கை அச்சோடு சேரும் இடம் மிதிக்கும்போது ஒரு திசையிலும் இறங்கும்போது மறு திசையிலும் முறுக்கு வாங்குகிறது. இப்படி மாற்றி மாற்றி ஆட்டினால் எந்த போல்ட்டும் தளரப் பார்க்கும்.

ஊர்ச் சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கும் காட்டர் பின் தேய்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'லொடக்' என்று கால் வழுக்கும் அனுபவம் என் வயதுக்காரர்களுக்கு இருக்கும். மூட்டு ஆடினால் கை பிழைக்காது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்த டிசம்பரில் கோயம்புத்தூர் போனபோது கிராங்கின் உடைந்த இடது கையையும், உடையாத வலது கையையும் பெட்டியில் போட்டு எடுத்துப்போனேன். அப்பாவுக்குக் கணபதியில் சின்னப் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். முப்பத்தைந்து வருஷமாகப் பம்ப்செட் சாஃப்ட்டும் புஷ்ஷும்தான். உடைந்து வந்த சாஃப்ட்களை அவர் பார்த்த அளவுக்கு நான் சாஃப்ட்டையே பார்த்ததில்லை.

பேப்பரில் சுற்றியிருந்ததைப் பிரித்து, ஜன்னல் பக்கம் போய், மேஜை டிராயரிலிருந்து லென்ஸை எடுத்தார். உடைந்த பரப்பை அவர் 'மூஞ்சி' என்பார்.

"இந்த மூஞ்சியப் பாரு கண்ணு. இந்தப் பக்கம் வழுவழுன்னு வரிவரியா இருக்குதில்ல, கொளத்துல தண்ணி வத்த வத்த கரையில கோடு விழுகுமே, அதாட்ட? இது மெல்ல மெல்லப் போன வெடிப்பு. இந்தப் பக்கம் சக்கரையாட்டப் பொரபொரன்னு இருக்குது பாரு. இதுதான் அன்னிக்கு ஒடஞ்சது."

வழுவழு பக்கம் முக்கால்வாசி இருந்தது. சர்க்கரைப் பக்கம் கால்வாசிதான்.

"அப்ப இத்தன நாளா இந்தக் காவாசிலதான் நின்னுட்டு இருந்தனுங்களாப்பா?"

"பின்ன?"

வெடிப்பு எங்கே ஆரம்பித்தது என்பதையும் காட்டினார். வரிகள் எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்திருந்தன. பெடல் துளையின் வெளி விளிம்பு. பெடலின் இரும்புத் தோள் அலுமினியத்தில் அழுந்தி அழுந்தி, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் முதல் கீறல். பாதம் அழுத்தும் இடம் கிராங்கின் முகத்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது. 2000 நியூட்டனுக்கு 120 நியூட்டன் மீட்டர் வளைப்பு அந்தத் துளையின் வாயில் விழுகிறது. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று உரசும் இடம், ஓட்டை போட்டு மெலிந்த இடம், அதிக வளைப்பு வாங்கும் இடம், எல்லாம் ஒன்றே. அங்கே உடையாமல் வேறெங்கே உடையும்?

பிறகு அவர் செய்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. வலது கையை எடுத்தார். எனக்கு அது நல்ல கிராங்க். சந்தேகமே இல்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பெடல் துளையைச் சுற்றித் தடவி அப்படியே வைத்தார். டீ வந்தது, குடித்தோம். அப்புறம் காய்ந்த துணியால் சொட்டு ஈரம் இல்லாமல் அழுத்தித் துடைத்தார். சாக்பீஸை உடைத்து, பொடியாக்கி, பஞ்சில் தொட்டுப் பூசினார். திருநீறு பூசின மாதிரி வெள்ளை. சுத்தியலின் மரப்பிடியால் கையை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "பாத்துட்டே இரு" என்றார்.

ஒரு நிமிஷம் இருக்கும். வெள்ளைப் பூச்சில், துளையின் விளிம்பிலிருந்து சாய்வாக, தலைமுடி கனத்தில், ஈரக் கோடு ஒன்று எழுந்தது. ஒரு சென்டிமீட்டர் நீளம். வெடிப்புக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து சாக்பீஸை நனைக்கிறது. லென்ஸ் வைத்துத் தேடினால்கூட அந்த இடத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வலது கையை 'நல்ல நிலையில், ஒற்றை' என்று விற்கலாமா என்று அக்டோபரில் யோசித்திருந்தேன்.

இந்த கிராங்க் எந்த பிராண்டு என்று கேட்காதீர்கள். இரண்டாம் கையாக வாங்கிய சைக்கிளோடு வந்தது. அதற்குமுன் எத்தனை வருஷம், எவ்வளவு எடை, என்ன குதி குதித்தார்கள் என்று யாருக்குத் தெரியும். அலுமினியத்துக்கு இரும்பு மாதிரி ஒரு பாதுகாப்பான கீழ் எல்லை கிடையாது. இரும்பில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் தடவை ஆட்டினாலும் தாங்கும் என்று வடிவமைக்கலாம். அலுமினியம் சின்னச் சின்ன அடிகளையும் கணக்கில் வைத்துக்கொண்டே போகும். ஒரு நாள் கணக்கு முடியும். ஆகவே பழைய டவுன்ஹில் சைக்கிள் வாங்கினால் ஃப்ரேமை வைத்துக்கொள்ளுங்கள், கிராங்கையும் ஹேண்டில்பாரையும் மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசத்துக்கு இல்லை.

அப்புறம் தேர்வு. எதை எல்லாம் ஒதுக்கினேன் என்று சொன்னால் எதை எடுத்தேன் என்பது தானாக விளங்கும்.

கார்பன் முதலில் போனது. கார்பன் பலமில்லாதது என்று சொல்லவே மாட்டேன். பலம் உண்டு. ஆனால் கார்பன் கையில் பெடல் மரைக்கும் அச்சு மூட்டுக்கும் உள்ளே உலோகத் துண்டு பதித்திருப்பார்கள். என் கிராங்க் செத்ததே பெடல் துளையில்தான் எனும்போது, அதே இடத்தில் இரண்டு வேறு பொருள்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் மூட்டு ஒன்றைக் காசு கொடுத்து வாங்க மனசு வரவில்லை. அதோடு ஃபோர்ட் வில்லியத்தில் கிராங்க் நுனி பாறையில் மோதாத நாளே இல்லை. அலுமினியத்தில் மோதினால் பள்ளம் தெரியும். கார்பனில் உள்ளே படலம் பிரிந்திருக்கிறதா என்று சாக்பீஸ் சொல்லாது. இவ்வளவும் எதற்கு? 200 கிராம் எடை மிச்சத்துக்கு. நான் பாதையில் இறங்குவதற்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குறைவாகக் குடித்தால் போதும்.

2023 ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப் மறுபடி ஃபோர்ட் வில்லியத்துக்கு வந்தபோது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பார்த்தேன். சார்லி ஹாட்டன் ஜெயித்த அன்று மலையே அதிர்ந்தது, சொந்த மண்ணில் பிரிட்டிஷ்காரர் அல்லவா. அணிகளின் கூடாரங்களில் சைக்கிள்களை முழுக்கக் கழற்றிப் போட்டு, மெக்கானிக்குகள் ஒவ்வொரு பாகமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னச் சந்தேகம் வந்தால் புதுசை எடுத்து மாட்டிவிடுவார்கள். அவர்கள் எதை மாட்டுகிறார்கள் என்று பார்த்து வாங்குபவர்கள், அதைத் தினமும் கழற்றிப் பார்க்கும் ஆளையும் சேர்த்து வாங்க வேண்டும்.

30 மில்லிமீட்டர் அலுமினிய அச்சு அடுத்து போனது. இதில் கொஞ்சம் தயங்கினேன். விட்டம் கூடினால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு நாலாம் அடுக்கில் ஏறும். 24இலிருந்து 30க்குப் போனால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆனால் அலுமினியத்தின் இயல்பான விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. கூட்டிக் கழித்தால் 24 மில்லிமீட்டர் இரும்பு அச்சு எந்த விதத்திலும் மட்டமில்லை. அச்சு பருத்தால் பேரிங்குக்கு இடம் சுருங்குகிறது, உள்ளே உருளும் குண்டுகள் சின்னதாகின்றன. ஸ்காட்லாந்து மழையிலும் சேற்றிலும் சின்னக் குண்டு பேரிங் ஒரு சீசன் தாண்டுவதே பெரிய விஷயம். ஸ்ரம் கம்பெனி 2018இல் கொண்டுவந்த டப் அச்சு 28.99 மில்லிமீட்டர். பேரிங்குக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டுமே என்ற யோசனை அதில் தெரிகிறது.

குரோமோலி இரும்புக் குழாயில் செய்த மூன்று துண்டு கிராங்குகள் உண்டு, பிஎம்எக்ஸ் (சின்னச் சக்கர சாகச சைக்கிள்) ஓட்டுபவர்கள் சத்தியம் செய்வார்கள். அப்பாவுக்கும் அதுதான் பிடித்தது. ஃப்ளோரிடாவின் ப்ரொஃபைல் ரேசிங் இதில் பழைய கை. என் ஃப்ரேமின் அளவுக்கும் செயின் வரிசைக்கும் சரிப்பட்டு வராததால் விட்டேன், எடைக்காக இல்லை.

கடைசியில் எடுத்தது ஷிமானோ செயிண்ட் எம்820. 2012இல் வந்த மாடல். புது மினுக்கு ஒன்றும் கிடையாது. அடித்து உருவாக்கிய அலுமினியக் கை, உள்ளீடற்ற 24 மில்லிமீட்டர் குரோமோலி அச்சு. ஷிமானோ என்றால் உடையவே உடையாது என்ற பக்தியில் எடுத்ததில்லை. வாங்கி ஆறு மாதத்தில், 2023 செப்டம்பரில், இரண்டு பாதிகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்த சாலை சைக்கிள் கிராங்குகளை அதே கம்பெனி திரும்ப அழைத்தது. ஒட்டு பிரிந்து உடைகிறது என்பதால் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் ஏழரை லட்சத்துக்கு மேல். செயிண்ட் கையில் அந்த ஒட்டு வேலை கிடையாது. பேரைப் பார்ப்பதைவிட எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தது அன்று உதவியது.

நீளம் 165. பழையது 175. பத்து மில்லிமீட்டர் குறைத்தால் அச்சில் விழும் முறுக்கு ஆறு சதவீதம் குறைகிறது, கிராங்க் நேர் கீழே நிற்கும்போது பாறைக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் கூடுகிறது. அடிபடாத கிராங்க் அதிக நாள் உழைக்கும். ஃப்ரேமில் நடு அச்சு புகும் குழாயின் அகலம் எனக்கு 83 மில்லிமீட்டர்; உங்களுடையதைக் காலிப்பர் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 83 குழாய்க்கு 73க்கான அச்சை வாங்கிவிட்டு கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். செயின்ரிங்குக்கு அடியில், பாறை அடியைத் தாங்க, ஒரு பேஷ் கார்டு. அவ்வளவுதான்.

மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை வீடியோ காலில் வைத்துக்கொண்டு. இடது கையை அச்சின் பற்களில் செருகினேன். பிளாஸ்டிக் மூடியை விரலால் திருகும் அளவுதான் முடுக்க வேண்டும், 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர். பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டும்தான் அதன் வேலை, கையைப் பிடித்து வைப்பது இல்லை. பிறகு கை கழன்றுவிடாமல் தடுக்கும் சின்னத் தகட்டை அழுத்தி, அதன் முள் அச்சிலுள்ள துளையில் 'டிக்' என்று உட்காருகிறதா என்று பார்த்தேன். கடைசியில் இரண்டு இறுக்கும் போல்ட்கள், 12 முதல் 14.

"ஒண்ண முழுசா முடுக்கிட்டு இன்னொண்ணுக்குப் போகாத. மாத்தி மாத்தி."

"தெரியுங்கப்பா."

"தெரிஞ்சுதான் ஒடச்சிட்டு வந்தியா?"

பெடல் மாட்டும்போது தோளுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மெல்லிய எவர்சில்வர் வாஷர் ஒன்று போட்டேன். தனியாக விற்கிறது, சில்லறைக் காசு. பழைய கிராங்கில் அது இருந்திருந்தால் அந்தப் பள்ளமே விழுந்திருக்காது என்று அப்பா இன்றும் சொல்கிறார்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிராங்கைக் கழற்றி சாக்பீஸ் பூசுகிறேன். இங்கே மண்ணெண்ணெய் என்று கேட்டால் கிடைக்காது. பாரஃபின் என்று கேட்க வேண்டும். சமையலறை மேஜையில் வைத்துச் செய்ததற்காக வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டு, இப்போது குளியலறை ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்கிறேன். போன சனிக்கிழமையும் பூசினேன். இடது கை முழு வெள்ளை, ஒரு கோடு இல்லை. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

கோவையில் அப்போது ராத்திரி பதினொன்று இருக்கும். இரண்டு நிமிஷத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"சரி. வலதக் காட்டு."